கொல்கத்தா ராத்திரியும் முப்பது செகண்ட் ஷட்டரும்

ஜனவரி 8, வியாழன் – பிரின்செப் காட்

கொல்கத்தாவுல ஜனவரி மாசம் சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் எல்லாம் முடிஞ்சிருதுங்க. சூரியன் விழுறது அஞ்சே கால் கூட ஆகல, அதே நாள்ல நம்ம மதுரையில ஆறு பத்து வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நாடு பூரா ஒரே கடிகாரம் வெச்சிருக்கறதால வர்ற வினை. சும்மா சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, ஆனா லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரைப் பல செகண்ட் திறந்து வெச்சு எடுக்கற படம்) எடுக்கறவனுக்கு வேண்டியதே சூரியன் விழுந்த பிறகு கிடைக்கிற அந்த இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான், வானம் கருநீலமா இருக்கும், தெரு லைட்டும் எரிஞ்சுக்கிட்டிருக்கும், ரெண்டு வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவுல வரும், அதை விட்டா அப்புறம் வானம் வெறும் தார் டப்பா. அதனால மத்தியானம் சாப்பிட்ட கையோட கிளம்பி மூணரைக்கே பிரின்செப் காட்ல (காட்னா படித்துறை) உக்காந்தாச்சு. கூட வந்தது என் மச்சினன். ட்ரைபாட் தூக்க ஆள் வேணும்னுதான் கூட்டிட்டு வந்தேன், அவன் வந்தது சாப்பிட.

இந்த எடத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கங்கைக் கரையில (இங்க ஹூக்ளின்னு பேரு) வெள்ளை வெளேர்னு தூணெல்லாம் வெச்ச ஒரு மண்டபம், ஜேம்ஸ் பிரின்செப் ஞாபகமா கட்டினது. கொல்கத்தா நாணய சாலையில வேலை பாத்த மனுசன். 1837-ல பிராமி எழுத்தைப் படிச்சுக் காட்டினவர், அசோகர் கல்வெட்டுல சோழர் பாண்டியர் பேரெல்லாம் இருக்குன்னு நமக்குத் தெரிய வந்ததே அந்த வழியிலதான். எங்க ஊருக்குப் பக்கத்துல மாங்குளம் மலையில நெடுஞ்செழியன் பேர் இருக்கிற தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு இருக்கு, அதைப் பாத்துட்டு வளந்தவன் நான். பிரின்செப் 1840-லயே செத்துப் போயிட்டார், நாப்பது வயசு. மச்சினன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, அந்தப் பொரி வாங்கட்டா?"ன்னான்.

அந்தப் பொரிதான் ஜால்முரி. நம்ம ஊரு மசால் பொரி மாதிரிதான், ஆனா பச்சைக் கடுகெண்ணெய் ஊத்தி, தேங்காய்ச் சில்லு ஒண்ணு மேல செருகி, பேப்பர் பொட்டலத்துல தர்றாங்க. இருபது ரூபா. முதல் வாய்ல கடுகெண்ணெய் மூக்குல ஏறும், மூணாவது வாய்ல பிடிச்சுப் போயிரும்.

மண்டபத்துக்குப் பின்னாடி வித்யாசாகர் சேது, ரெண்டாவது ஹூக்ளி பாலம்னு சொல்வாங்க. கம்பியில தொங்குற பாலம், 1992-ல திறந்தது, ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல மட்டும் 457 மீட்டர். கேமரா செட்டிங் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, இருபத்தஞ்சு செகண்ட். மேல போற வண்டி எல்லாம் ஒரே கோடாயிடும், ஆறு கண்ணாடி ஆயிடும். அது எந்த ஊர்லயும் நடக்கறதுதான்.

எந்த ஊர்லயும் நடக்காதது ஒண்ணு இங்க நடந்துச்சு. லாங் எக்ஸ்போஷர்ல நடக்கறவன் படத்துல விழ மாட்டான், எங்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல தீபாவளிக் கூட்டத்துல முப்பது செகண்ட் வெச்சு எடுத்தாலும் ஆளே இல்லாத மாதிரி வரும், ஏன்னா அம்புட்டுப் பேரும் ஓடிக்கிட்டே இருப்பாய்ங்க. இங்க ஓட மாட்டேங்கறாங்க. ட்ரைபாட் பாத்ததும் நிக்கறாங்க. கேமராவுக்குப் பின்னாடி வந்து நிக்கறவங்க ஒரு பக்கம், முன்னாடி நின்னுக்கிட்டு லென்ஸையே உத்துப் பாக்கறவங்க இன்னொரு பக்கம். ஒரு பெரியவர், மங்கி குல்லா போட்டு மஃப்ளர் சுத்தி, பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு ஃப்ரேமுக்கு நட்டநடுவுல நின்னு "ஹோலோ?"ன்னு கேக்கறாரு, ஆச்சான்னு. இல்ல தாதா (இங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) இன்னும் இருபது செகண்டுன்னேன். சரின்னு அங்கயே காத்திருந்தார். ஒளிஞ்சு போகணும்னு அவருக்குத் தோணவே இல்ல, எனக்கும் சொல்ல வரல. படத்துல அவர் கூர்மையா விழுந்திருக்கார், பேத்தி மட்டும் புகை மாதிரி.

ராத்திரி சாப்பாடு பிரியாணி. பிரியாணிக்குள்ள முழு உருளைக்கிழங்கு. லக்னோ நவாப் வாஜித் அலி ஷா 1856-ல ராஜ்யம் போய் இங்க வந்து தங்கினப்ப கூட வந்த சமையல்காரங்க ஆரம்பிச்சதுன்னு ஒரு கதை சொல்றாங்க. மச்சினன் திண்டுக்கல் பிரியாணி தவிர வேற எதையும் பிரியாணின்னு ஒத்துக்காதவன், உருளைக்கிழங்கைத் தனியா எடுத்து வெச்சுட்டுக் கடைசியில அதைத்தான் முதல்ல பாராட்டினான்.

ஜனவரி 9, வெள்ளி – ஹௌரா பாலம்

இன்னைக்கு நாள் பூரா ஒரே பாலம்தான்.

ஹௌரா பாலத்தை முதல் தடவை கிட்டத்துல பாக்கறப்ப கழுத்து வலிக்கும். நட்டு போல்ட் கிடையாது, எல்லாம் ரிவெட் அடிச்சது. 26,500 டன் இரும்பு, அதுல 23,000 டன் டாடா இரும்பு. 1943 பிப்ரவரி 3-ந் தேதி திறந்தாங்க, திறந்தாங்கன்னு சொல்றதே தப்பு, விழா கிழா எதுவும் இல்ல, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயம், அதுக்கு முந்தின டிசம்பர்லதான் ஊர் மேல குண்டு விழுந்திருக்கு. ராத்திரியில ஒரு ட்ராம் தனியா பாலத்தைத் தாண்டிப் போச்சாம், அவ்வளவுதான் திறப்பு விழா. இருட்டுல பொறந்த பாலத்துக்கு இப்ப கலர் கலரா லைட்டு. 2020-ல போட்டது.

அந்த லைட்டுதான் இன்னைக்குப் பிரச்சனை. நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சுன்னு மாறிக்கிட்டே இருக்கு. கண்ணால பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா முப்பது செகண்ட் ஷட்டர் திறந்து வெச்சா எல்லாக் கலரும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெளிறிப்போன ரோஸ் கலர்ல ஒரு பாலம் வருது, பஞ்சு மிட்டாய்ல செஞ்சு வெச்ச மாதிரி. அதனால ஷட்டரைக் குறைச்சாகணும், அஞ்சு ஆறு செகண்ட், அதுக்கு மேல போகக் கூடாது. குறைச்சா தண்ணி வழுவழுன்னு வராது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, ஒரே கலர் எரியற நேரம் பாத்து அஞ்சு செகண்டுல வரிசையா படம் எடுத்துத் தள்ளிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் அடுக்கி சராசரி எடுத்தா தண்ணி மெழுகாயிடும், பாலம் ஒரே கலர்ல நிக்கும். இடைவெளி விடாம எடுக்கணும்னா கேமராவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் (படத்துல விழுற புள்ளிகளை கேமராவே நீக்கற வசதி) ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரம் அளவுக்கு அது தனியா யோசிச்சுக்கிட்டு நிக்கும்.

எங்க நின்னு எடுக்கறதுங்கறது அடுத்த தலைவலி. பாலத்து மேல கேமரா எடுத்தா போலீஸ் வந்து கேக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, போகட்டும், விட்டாலும் அங்க எடுக்க முடியாது, பஸ் ஒண்ணு போனா காலுக்குக் கீழ பாலம் அதிர்றது தெரியும், தளம் பூராவும் மேல இருந்து தொங்குறது இல்லையா. படகுத்துறை நல்லா ஆத்துக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு, ஆனா அது மிதவை. ஆறு ஏறி இறங்குறதால மிதவைதான் சரிப்படும், ஆனா ஃபெர்ரி வந்து இடிக்கறப்ப எல்லாம் ஊஞ்சல். மிச்சம் இருக்கிறது படிக்கட்டு. மல்லிக் காட் பக்கத்துல படியில இறங்கி, கடைசிப் படிக்கு ரெண்டு படி மேல ட்ரைபாட் வெச்சோம்.

இங்கதான் ஆறு வேலையைக் காட்டுச்சு. நம்ம வைகையில தண்ணி வந்தாலே செய்தி, இந்த ஆத்துல கடல் தினமும் ரெண்டு தடவை உள்ள வந்து போகுது. ஏறுறப்ப வேகமா ஏறுது, வடியறதுக்குத்தான் நேரம் எடுக்குது. நான் கலர் மாறுறதையே பாத்துக்கிட்டு நிக்கறேன், தண்ணி ஒரு படி ஏறிடுச்சு. மச்சினன் செருப்பைக் கழட்டிக் கீழ் படியில வெச்சுட்டு உக்காந்து வறுத்த கடலை தின்னுக்கிட்டிருந்தான். ஒரு செருப்பு மிதந்து ஹௌரா பக்கமா கிளம்பிருச்சு. குளிச்சுக்கிட்டிருந்த ஒரு பையன் அந்தக் குளிர்ல (பன்னெண்டு டிகிரி இருக்கும்) நீந்திப் போய் எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, காசு நீட்டினா கைய ஆட்டிட்டு மறுபடி குளிக்கப் போயிட்டான். ட்ரைபாட் ஒரு கால் சேத்துல ஒரு சாண் இறங்கிப் போச்சு. அதை இழுத்து, கழுவி, பூட்டுக்குள்ள போன மண்ணை எடுக்க ரூமுக்கு வந்து அரை மணி நேரம்.

ஆனா ஏறுற நேரத்துல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா மிதந்து வருது, சாயங்காலம் கடல் பக்கம் போய்க்கிட்டிருந்தது இப்ப எதிர்த் திசையில மேல ஏறுது. படத்துல அது தண்ணி மேல தீட்டின மங்கலான பச்சைக் கோடு. இருட்டுறதுக்கு முன்னாடி என்டி ஃபில்டர் ஆறு ஸ்டாப் போட்டு, அதாவது வெளிச்சத்தை அறுபத்து நாலுல ஒரு பங்காக் குறைச்சு எடுத்ததுல அந்தக் கோடு நல்லா வந்திருக்கு. பத்து ஸ்டாப் ஃபில்டர் வாங்கித் தூக்கிட்டு வந்திருக்கறவங்க இந்த ஊர் அந்தி நேரத்துக்கு அதைப் பையிலயே வெச்சுக்கலாம், வெளிச்சம் அவ்வளவு வேகமா போகுது.

மண் குடுவையில டீ, பத்து ரூபா. குடிச்சுட்டுக் குடுவையைத் தொட்டியில போட்டு உடைக்கிற சுகத்துக்காகவே மச்சினன் ரெண்டாவது டீ குடிச்சான்.

ஜனவரி 10, சனி – தர்மதலா

காலையில பனி மூட்டம், எதுவும் தெரியல, பதினொரு மணி வரை தூங்கினோம். எழுந்து கச்சோரி, உருளைக்கிழங்குக் கறி, அதோட ஈச்ச வெல்லத்துல செஞ்ச சந்தேஷ்ங்கற இனிப்பு. ஈச்சமரத்துப் பதநீர்ல காய்ச்சுற வெல்லம், குளிர் காலத்துல மட்டும்தான் வரும். நம்ம கருப்பட்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லலாம், கொஞ்சம் புகை வாசம் இருக்கும். ஒரு துண்டு இருபத்தஞ்சு ரூபா. மச்சினன் எத்தனை தின்னான்னு அவன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

சாயங்காலம் ட்ராம். 1902-ல கரண்டுல ஓட ஆரம்பிச்ச ட்ராம், இப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணு ரெண்டு ரூட்டுதான், அதையும் எடுத்துடப் போறாங்கன்னு பேச்சு. தர்மதலாவுல (எஸ்ப்ளனேடுன்னு போர்டுல இருக்கும்) நின்னு எடுக்கலாம்னு போனோம்.

ட்ராமை லாங் எக்ஸ்போஷர்ல எடுக்கறது கஷ்டம்ங்க. மத்த வண்டி மாதிரி அது கோடு போடாது. முன்னாடி மங்கலா ஒத்தை லைட்டு, மெதுவா ஊர்ந்து வருது, நடுவுல நிக்குது, ஆள் ஏறுறாங்க, மறுபடி ஊருது. பதினஞ்சு செகண்ட் திறந்து வெச்சா அதுல எட்டு செகண்ட் நின்னிருக்கும், அதனால ட்ராம் பாதி தெரியும், அதுக்குள்ள பின்னாடி இருக்கிற கட்டடமும் தெரியும். மேல வயர்ல சில நேரம் பொறி தட்டுது, அது விழுந்தா நம்ம அதிர்ஷ்டம். எனக்கு இந்தப் பாதி ட்ராம்தான் பிடிச்சிருக்கு. சுத்தமான கோடா வந்திருந்தா அது ட்ராம்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு கவனிச்சேன். புது கார் எல்லாம் எல்இடி லைட்டு, அது விட்டு விட்டு எரியறது நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா வேகமா போனா படத்துல சிவப்புப் புள்ளி புள்ளியா, தையல் போட்ட மாதிரி வரும். மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி ஒண்ணு போனா மட்டும் முழுக் கோடு, ஏன்னா உள்ள பழைய பல்பு. 2014-ல அந்தக் கார் செய்யறதையே நிறுத்தியாச்சு, ரோட்டுல இருக்கிறதும் வருஷா வருஷம் குறையுது. அப்படின்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல ராத்திரிப் படத்துல இந்த ஊர் ரோட்டுக் கோடே வேற மாதிரி ஆயிடும். தெரு விளக்குக் கம்பத்துல எல்லாம் நீலமும் வெள்ளையுமா சீரியல் லைட் சுத்தி வெச்சிருக்காங்க, வானம் நீலமா இருக்கிற நேரத்துல அந்த நீலம் மேல போட்டி போடுது, எனக்குக் கடுப்பாத்தான் இருந்துச்சு.

ரோட்டு நடுவுல இருக்கிற திட்டுல ட்ரைபாட். சுத்தி ஆளுங்க. எக் ரோல் கடைக்காரர் வந்து, என் கேமரா ட்ராம் தண்டவாளத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்குன்னு அவரே ட்ரைபாடை அலாக்காத் தூக்கி ஒரு அடி தள்ளி வெச்சார், ஷட்டர் திறந்திருக்கறப்ப. அந்தப் படத்துல தர்மதலா ரெண்டா இருக்கு. அப்புறம் அவர் கடையில சாப்பிடாம எப்படி வர்றது, அறுபது ரூபா ரோல், பரோட்டா மேல முட்டை ஊத்தி, வெங்காயம், பச்சை மிளகா, எலுமிச்சை. பரோட்டா ஊர்க்காரனா சொல்றேன், பரவாயில்ல.

திரும்புறப்ப டாக்ஸி ஒருத்தர் மூணு மடங்கு கேட்டார். மெட்ரோவுல வந்துட்டோம்.

ஜனவரி 11, ஞாயிறு – லேக் மார்க்கெட், பாபுகாட்

மச்சினனுக்குச் சாம்பார் காய்ச்சல் வந்துருச்சு. லேக் மார்க்கெட் பக்கம் போனோம், தமிழ்க் குடும்பங்க ரொம்ப காலமா இருக்கிற ஏரியா. கறிவேப்பிலை, வாழை இலை, காப்பிப் பொடி எல்லாம் கிடைக்குது. இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப பக்கத்து டேபிள் மாமா ஒருத்தர், "எந்த ஊர்லேந்து வரேள்?"னு ஆரம்பிச்சார். மதுரைன்னதும் அவர் பாட்டி ஊர் சோழவந்தான்னார், இவர் பொறந்தது இங்கேயே. நாங்க ராத்திரி ஃபோட்டோ எடுக்க வந்தோம்னு சொன்னேன். "பகல்ல எடுத்தா ஆகாதா? நன்னா தெரியுமே"ன்னார். பதில் சொல்லத் தெரியல. அவரேதான் இன்னைக்கு பாபுகாட் போகச் சொன்னார், சாதுக்கள் வந்திருப்பான்னு.

அது உண்மையிலயே இந்தப் பயணத்துல பெரிய அதிர்ஷ்டம். மகர சங்கராந்திக்கு கங்காசாகர்ல குளிக்கறதுக்கு வடநாடு முழுக்க இருந்து ஜனங்க வர்றாங்க, நம்ம பொங்கல் நேரம்தான், கங்கை கடல்ல கலக்கிற தீவு அது. போற வழியில தங்கற முகாம் பாபுகாட், அவுட்ராம் காட் பக்கத்துல. பாபுகாட் 1830-ல பாபு ராஜ்சந்திர தாஸ் செலவுல கட்டினது, தட்சிணேஸ்வரம் கோயில் அவர் சம்சாரம் ராணி ராஷ்மோனி கட்டினது. உள்ள போனா புகை, இலவச சாப்பாட்டுப் பந்தல், ஒலிபெருக்கியில காணாமப் போனவங்க பேரு, சாம்பல் பூசின சாதுக்கள் வரிசையா கூடாரம் போட்டு முன்னாடி கட்டை எரிச்சுக்கிட்டு.

இவங்க எல்லாம் உக்காந்தா உக்காந்ததுதான். அதனால எட்டு செகண்ட் வெச்சு எடுக்கலாம்னு ஒருத்தர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு, கேமராவைக் காட்டிக் கேட்டேன். நூறு ரூபாய்ன்னார் ஹிந்தியில. ஐம்பதுன்னேன். சாதுகிட்ட பேரம் பேசறியான்னு சிரிச்சுட்டு நூறே வாங்கிக்கிட்டார். எடுத்தேன். ஸ்க்ரீனைக் காட்டச் சொன்னார், கண்ணைச் சுருக்கிப் பாத்தார், தன் வலது கை கலங்கியிருக்குன்னு விரல் வெச்சுக் காட்டினார். மறுபடி எடுன்னார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டார், நெஜமா, நெஞ்சு கூட ஏறி இறங்கல, முன்னாடி அந்தக் கூட்டம் அம்புட்டும் போய் வந்துக்கிட்டிருக்கு, நான் நடுக்கத்துல பத்து செகண்ட் வெச்சுட்டேன், அதையும் தாங்கினார். படத்துல ஆளுங்க எல்லாம் பால் மாதிரி ஓடுறாங்க, நெருப்பு துணி மாதிரி, நடுவுல இவர் மூக்கு நுனி வரைக்கும் துல்லியம். இப்படி ஒரு மாடலை நூறு ரூபாய்க்கு எந்த ஊர்லயும் பிடிக்க முடியாது. ரெண்டாவது படத்துக்குக் காசு கேக்கல. விபூதி பூசிவிட்டார், பூசறப்ப லென்ஸ் மேலயும் கொஞ்சம் விழுந்துச்சு.

ஊதிப் பாத்தேன், போகல. துடைச்சா கீறிடும்னு பயம். அப்படியே விட்டு அடுத்தடுத்த படம் எடுத்ததுல விளக்கு எங்க இருந்தாலும் சுத்தி ஒரு வெள்ளை வட்டம். மச்சினன் அதுதான் நல்லா இருக்குங்கறான்.

விக்டோரியா மெமோரியல் போனோம், வெளிய கேட்டுல நின்னு எடுத்தேன், எல்லாரும் எடுக்கிற படம் எனக்கும் வந்துச்சு.

ஜனவரி 12, திங்கள் – பூ மார்க்கெட்

விடியறதுக்கு முன்னாடி நாலரைக்கு மல்லிக் காட் பூ மார்க்கெட். ஹௌரா பாலத்துக்கு அடியிலயே இருக்கு. மச்சினன் வர மாட்டேன்னுட்டான், அப்புறம் டீ இருக்கும்னு வந்தான். லென்ஸ்ல பனி இறங்கிக்கிட்டே இருந்துச்சு.

மதுரைக்காரனுக்குப் பூ மார்க்கெட் புதுசு இல்ல. ஆனா இங்க மல்லி ஆட்சி இல்ல, செவ்வந்திதான், துலுக்கச் செவ்வந்தி, ஆரஞ்சும் மஞ்சளுமா மலைப்பாம்பு தடிமன்ல மாலையைச் சுருட்டித் தலையில தூக்கிட்டு ஓடுறாங்க. ரெண்டு செகண்ட் ஷட்டர். அதுக்கு மேல வெச்சா ஆள் காணாமப் போயிருவாங்க, குறைச்சா வெறும் கலங்கின படம். ரெண்டு செகண்டுல தூக்கிட்டுப் போறவரோட கால் மட்டும் அங்கங்க தரையில பதியுது, மேல மாலை ஒரு ஆரஞ்சு ஆறா ஓடுது. இந்த மார்க்கெட்ல யாருக்கும் நின்னு வேடிக்கை பாக்க நேரம் இல்ல. வழியில ட்ரைபாட் வெச்சா இடிச்சுத் தள்ளிட்டுப் போவாங்க, திட்டுவாங்க, அதுல தப்பும் இல்ல. ஒரு கடைக்காரர் மட்டும் நிமிர்ந்து பாத்து, தன் செவ்வந்திக் குவியலை ஓரமா ஒதுக்கி, இங்க ஏறி வெச்சுக்கன்னு மேடையில எடம் குடுத்தார். அவர் பின்னால நின்னுதான் நல்ல படம் எல்லாம் வந்துச்சு. அவரை எடுத்ததுல பூ எண்ணுற ரெண்டு கையும் இல்ல, மத்தபடி முழுசா இருக்கார்.

காட்டினேன். கையக் காணோம்னு பக்கத்துக் கடைக்காரங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். பெருசா பிரின்ட் போட்டு அனுப்பு, கடையில மாட்டறேன்னு கேட்டிருக்கார், அட்ரஸும் எழுதிக் குடுத்திருக்கார், பெங்காலியில. அதை அப்படியே ஃபோட்டோ எடுத்து கவர் மேல ஒட்டிடலாம்னு மச்சினன் ஐடியா. பூக்கடையில எப்பவும் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க, அதனால சாதா பேப்பர் ரெண்டு மாசம் தாங்காது, கேன்வாஸா இல்ல லேமினேஷனான்னு யோசனையா இருக்கு. இருபதுக்கு முப்பது இஞ்ச் சைஸ், கொல்கத்தா வரைக்கும் கூரியர்ல மடங்காமப் போகணும், இதை மதுரையில நல்லா பண்ணித் தர்ற எடம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.